சாமி நிற்காத வாசல்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நல்ல வார்த்தை கைவசம் இல்லை. கோபம் இருக்கிறது, தாராளமாக. அதைத்தான் தருகிறேன். வேண்டாதவர்கள் இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, கருத்தரங்கில் தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம்.

நான் விருப்ப ஓய்வில் வந்தவன். 'விருப்ப ஓய்வு' என்று தாளில் இருக்கிறது. யாருடைய விருப்பம் என்று தாளில் இல்லை.

என் ஆய்வுத் துறை மதமும் அரசியலும். காஞ்சிபுரத்தில் இதை ஆராய்ச்சி என்று சொன்னால் சிரிப்பார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இத்த பாக்கறதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களா சார்? நான் டெய்லி சும்மாவே பாத்துக்கினு இருக்கறேன்" என்றார். கோயில் வட்டாரத்தில் என்னை நாத்திகன் என்றார்கள். நாத்திக நண்பர்கள் என் நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். என் மனைவிதான் சரியாகச் சொன்னாள்: "உங்களுக்கு ரெண்டுமே தெரியாது." நான் எழுதிய புத்தகம் ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதைக் கடைசியாக எடுத்துப் படித்தவன் நான். முதலில் எடுத்தவனும் நான்தான்.

போகட்டும். சொல்ல வந்தது பரிமளாவைப் பற்றி.

பரிமளா என் கடைசி ஆய்வு மாணவி. தென்னேரிக்காரி, விவசாயக் குடும்பம். பேசுவது குறைவு, கேட்பது அதிகம். இந்தத் தொழிலுக்குத் தேவையான குணம் அது ஒன்றுதான், என்னிடம் அது கிடையாது. திருவிழாக் கமிட்டித் தலைவர் பதவி எப்படி உள்ளாட்சித் தேர்தலுக்கு முதல் படியாகிறது என்பது அவள் தலைப்பு. அதற்காகப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தெருவில் அறை எடுத்துத் தங்கினாள்.

அந்தத் தெருவில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஆடி மாதம் அம்மன் தெருவைச் சுற்றி வரும். ஆட்கள் தோளில் தூக்கிவருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரர்கள் தட்டோடு வருவார்கள், தேங்காய் உடைபடும், கற்பூரம் காட்டியதும் அடுத்த வாசலுக்கு நகரும். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சாமி வருகிறது, நம் வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். நிற்காமல் போனால் என்ன என்று அந்தத் தெருவில் யாரும் யோசித்ததில்லை. நிற்காமல் போனதே இல்லை.

கமிட்டித் தலைவருக்கு இன்னொரு முகம் உண்டு. தெருவில் பாதித் தறிகளுக்குப் பாவு கொடுப்பவர் அவர். தறியில் ஏற்றி நெய்யத் தயாராக நீட்டிச் சுற்றிய பட்டு நூல்தான் பாவு. அது வந்தால் தறி ஓடும். வராவிட்டால் தறி சும்மா நிற்கும், அடுப்பும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்டவர் கவுன்சிலர் தேர்தலில் நின்றார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். கேட்பவர்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

ஓட்டுப் போடும் நாளுக்கு முன்பு அவர் வீட்டுக்கு ஓர் ஆளாகக் கோயிலுக்குக் கூப்பிட்டார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து, 'உங்களுக்குத்தான் போடுவேன்' என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். தெருவே வரிசையில் நின்று அடித்தது. மல்லிகா என்ற பெண் மட்டும் அடிக்கவில்லை. கணவர் கம்பெனி வேலைக்குப் போய்விட, தறியில் உட்கார்ந்து நெய்பவள் அவள்தான். அவளுக்குப் பாவு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. தலைவரிடம் கையேந்த வேண்டியதில்லை.

"ஓட்டு போடறேன்ணா, யாரு இல்லன்னாங்க? சத்தியம்லாம் எதுக்கு? அம்மனுக்கு வேற வேல இல்லியா, என் ஓட்ட எண்ணிக்கினா உக்காந்துருக்குது?"

தலைவர் சிரித்தார். தேர்தலிலும் ஜெயித்தார். மல்லிகாவின் ஓட்டும் அவருக்கே விழுந்திருக்கலாம்.

அடுத்த ஆடியில் அம்மன் வந்தது. மல்லிகா குளித்து, தட்டில் எல்லாம் வைத்து, கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்து வாசலில் நின்ற அம்மன் அவள் வாசலில் நிற்கவில்லை. மேளம் கூட நிற்கவில்லை. அடுத்த வாசலில் போய் நின்றது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பரிமளா பார்த்தாள். தட்டில் கற்பூரம் எரிந்து முடியும்வரை மல்லிகா அங்கேயே நின்றாளாம். தெருவில் யாரும் அவளைப் பார்க்கவில்லையாம். பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் ரொம்பச் சிரமப்பட்டார்கள் என்று எழுதியிருந்தாள். நல்ல வாக்கியம். எனக்கு வந்திருந்தால் நான் பெரிய ஆள்.

பிறகு, சாமி தூக்கியவர்களில் ஒருவர் பரிமளாவிடம் உண்மையைச் சொன்னார். "அந்த வூட்டாண்ட நிக்காதீங்கன்னு தலைவரு முன்னாடியே சொல்ட்டாரு." இந்த ஒரு வாக்குமூலத்தின் மேல்தான் அவளுடைய நான்காம் அத்தியாயம் நின்றது. கடவுளையே கட்சி வேலைக்கு வைத்துக்கொண்டதற்கான சாட்சி அது. ஆளின் பெயரை அவள் எழுதவில்லை.

பட்டத்துக்கு முன்னால் பொது வாய்மொழித் தேர்வு என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். வழக்கமாக யாரும் வருவதில்லை. வடை இருக்கிறது என்று தெரிந்தால் பக்கத்துத் துறை வரும். நான்காம் அத்தியாயம் தலைவரின் காதுக்கு எட்டி, இந்த முறை கூட்டம் வரப்போகிறது என்று எங்கள் பிரின்சிபல் மூலமாகத் தெரிந்தது. அவர் என்னை அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"சார், அந்த நாலாவது சேப்டர கொஞ்சம் மைல்டா பண்ணிடலாமே?"

"எப்படி சார்? சாமி பாதி நின்னுதுன்னு எழுதிடலாமா?"

"கோவப்படாதீங்க. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சா போதுமாம்."

போதுமாம். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல் கடிபடுகிறது.

அன்றைக்கே எதிர் முகாமிலிருந்து ஒரு பழைய நண்பர் போன் செய்தார். ஊர்வலங்களில் கூட நடந்தவர்.

"தோழர், அந்த ஆளு பேர குடுங்க. ஒரு வீடியோ எடுத்துப் போட்டா ஊரே அதிரும்."

"அப்புறம் அவனுக்குப் பாவு நீ குடுப்பியா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் தோழர்."

பாத்துக்கலாம்! இந்த ஒரு சொல்லை நம்பிக் கெட்டுப்போன குடும்பங்களைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்யுங்கள், என் செலவில் பைண்டிங் போட்டுத் தருகிறேன். ஒருவருக்கு அந்த ஆளைத் தண்டிக்க வேண்டும். இன்னொருவருக்கு அவனைக் கொடிக்கம்பமாக நட வேண்டும். அவனுக்கு ஒரு தறியும், சாமி தூக்க ஒரு தோளும் இருக்கிறது, அது அவனிடமே இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. என் வேலைக்காலம் முழுவதும் நான் பார்த்த மதமும் அரசியலும் இவ்வளவுதான்.

பரிமளாவைக் கூப்பிட்டு, வழிகாட்டி என்ற முறையில் எனக்காவது பெயர் தெரிந்திருப்பது நல்லது என்றேன்.

"வேணாம் சார்."

"என்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லியா?"

"இருக்குது சார். ஆனா உங்களுக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது."

அதை மறுத்துப் பேசக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

தேர்வு நாள். தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கூட அதே மாதிரி சிலர். பிரின்சிபல் ஓடிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார். வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் ஒரு பேராசிரியர். திரும்பிப் போக ரயில் பதிவு செய்திருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. தேர்வை நடத்த வேண்டிய ஒருங்கிணைப்பாளன் நான். பரிமளா பேசி முடித்தாள். "பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்" என்றேன். விதிப்படி சொல்லியாக வேண்டும்.

தலைவர் எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"நாங்க சண்டைக்கு வர்ல மா. படிச்ச பொண்ணு, நல்லா எழுதிக்கிற. நான் நிக்காதீங்கன்னு சொன்னதா போட்டுக்கிற. அத்த சொன்னது யாருன்னு மட்டும் சொல்லிடு. நாங்க எழுந்து போய்க்கினே இருப்போம்."

"சொல்ல முடியாதுங்க" என்றாள் பரிமளா.

"அப்ப பொய்யி."

"இல்லீங்க."

"யாரும் சொல்லலன்னா பொய்யி. சொன்னாங்கன்னா பேர சொல்லு. இன்னாமா இதுல கஷ்டம்?"

புறத்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, சமாதானத் தூதரைப் போல ஒரு வழி கண்டுபிடித்தார். "பேட்டியின் ஒலிப்பதிவு இருக்கும் அல்லவா? அதைப் பொதுவில் போட வேண்டாம். பிரின்சிபல் அறையில் நாங்கள் மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்கிறோம். முடிந்தது."

பிரின்சிபல் தலையாட்டினார். தலைவரும் தலையாட்டினார். அந்த இரண்டாவது தலையாட்டலைப் பாருங்கள். பிரின்சிபல் அறையில் ஒலிக்கிற குரல் பிள்ளையார்பாளையத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. குரல் ஒன்று போதும். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள், இருமினாலே ஆளைச் சொல்வார்கள்.

"ஒலிப்பதிவு இல்ல சார்" என்றாள் பரிமளா. "அழிச்சிட்டேன்."

வெளியாட்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும். ஆய்வுத் தரவை அழிப்பது எங்கள் தொழிலில் கொலைக்குச் சமம். புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரைக் கேட்டு அழித்தாய்? இதை நான் அறிக்கையில் எழுதினால் உன் ஆய்வே செல்லாது, தெரியுமா?"

பரிமளா வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு குரல் முந்திக்கொண்டது: "நான்தான் அழிக்கச் சொன்னேன்."

என் குரல்தான். பொய். அவள் அழித்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இதை வீரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்வரிசையில் அந்த மனிதர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கோயில் வாசலில் வரிசையைப் பார்த்தது போலவே எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். எரிகிற கற்பூரம் ஒன்றுதான் பாக்கி. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, வாய் திறந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்துக்கொண்ட காரணங்கள். "மாணவி மேல் தவறில்லை. தகவல் தந்தவரின் பாதுகாப்புக்காக வழிகாட்டி எடுத்த முடிவு. அறிக்கையில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சேர்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் எழுத்துப்பிழையோடு எழுதிக்கொண்டார்.

ஆய்வைத் தள்ளவில்லை, ஒத்திவைத்தார்கள். நான்காம் அத்தியாயத்தை வேறு சாட்சியத்தோடு திருத்தித் தர வேண்டும். வெளியே வந்ததும் பரிமளா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள யாரு சார் கேட்டாங்க? நான் பதில் ரெடி பண்ணி வச்சிருந்தேன்."

"என்ன பதில்?"

"நான்தான் அழிச்சேன், பட்டம் குடுக்கறதுன்னா குடுங்க, இல்லன்னா போங்கன்னு."

"அது பதிலா?"

"நீங்க சொன்னது மட்டும் பதிலா?"

அவளுக்கு அந்தச் சமயத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைக்க இருந்தது. பட்டம் கையில் இல்லாததால் போயிற்று. பட்டம் பிறகு வந்தது. அந்த வேலை போனது போனதுதான். என் மேல் விசாரணை வைத்தார்கள், நான் விருப்பப்பட்டேன். பிரின்சிபலுக்கு அடுத்த மாதமே அந்தக் கோயிலில் சால்வை போர்த்தினார்கள்.

நடந்தது இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். புலம்புவதற்கு எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

தலைவர் சும்மா விடவில்லை. சாமி தூக்குபவர்கள் எல்லோரையும் கோயிலுக்கு வரச்சொன்னார். தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். 'அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லல' என்று ஒவ்வொருவனும் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவன்தான் ஆள். பழைய ஆயுதம், ஏற்கெனவே தெருவையே மடக்கியது. அங்கே நடந்ததைப் பிறகு மல்லிகாதான் பரிமளாவிடம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

முதல் ஆள் கையைக் கட்டிக்கொண்டான். "எங்க பெரியப்பா போய் இன்னும் காரியம் முடியல தலைவரே. தீட்டு. நான் கோயிலுக்குள்ளயே வரக்கூடாது, நீங்க கூப்ட்டீங்கன்னு வாசல்ல நிக்கறேன்."

அடுத்தவன்: "வூட்ல முழுகாம இருக்குதுணா. நான் தேங்காயே ஒடைக்கக் கூடாது. சத்தியம் எப்டி பண்றது?"

அது கார்த்திகை மாதம். கறுப்பு வேட்டியில் இருந்தவன்: "மாலை போட்டுக்கினு சத்தியம் பண்ணா மலை ஏற முடியாது சாமி."

இப்படியே ஆளுக்கொரு காரணம். எல்லாம் சாஸ்திரப்படி. மறுத்துப் பேச அவர் நாத்திகராக வேண்டும். கடைசியில் நின்றவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தலையைச் சொறிந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தலைவரே. ஆனா இவங்க யாரும் பண்ணாம நான் மட்டும் பண்ணா சாமி குத்தம் ஆயிடும்ல?"

கற்பூரம் தானாக அணைந்தது. ஒருவனுக்குப் பாவை நிறுத்தலாம். எல்லோருக்கும் நிறுத்தினால் கல்யாண சீசனுக்கு அவருக்குப் புடவை எங்கிருந்து வரும்? எல்லோரையும் நீக்கினால் ஆடியில் அம்மனை யார் தூக்குவார்கள்? சொன்னவன் யார் என்று தெரியாததால் எல்லோரும் சொன்னவர்கள் ஆகிவிட்டார்கள். பரிமளா அழித்த ஒலிப்பதிவின் வேலை இது. தரவைக் காப்பாற்றுங்கள் என்று ஆய்வு முறையியல் வகுப்பில் சொல்லித் தந்தவன் நான். ஆளைக் காப்பாற்றுங்கள். தரவு வரும், போகும்.

ஆடி வந்தது. நானும் பரிமளாவும் போனோம். ஓய்வு பெற்றவனுக்கும் வேலை இல்லாதவளுக்கும் திருவிழாவைவிட வேறென்ன ஆராய்ச்சி? காலை வெயில் ஏறிவிட்டது. அம்மன் வாசல் வாசலாக நின்று வந்தது. தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மல்லிகா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தறிச் சத்தம். எப்படியும் நிற்காது என்று அவள் நெய்துகொண்டிருந்தாள்.

அந்தக் கதவுக்கு எதிரே வந்ததும் அம்மன் நின்றது.

"போங்கடா, இன்னா நின்னுட்டீங்க?"

"தோள் மாத்தணும் தலைவரே."

"அந்தாண்ட போயி மாத்துங்க!"

"முடியலணா. வலிக்குது."

தண்டுகளுக்கு அடியில், பாரத்தைத் தாங்கி நிற்கும் கவைக்கம்புகளை ஊன்றினார்கள். யார் தோள் முதலில் இறங்கியது என்று கவனிக்கத்தான் நான் வாழ்க்கை முழுவதும் பயிற்சி எடுத்திருக்கிறேன். தெரியவில்லை. பரிமளா வேண்டுமென்றே திரும்பி, எதிரே இருந்த டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளம் நின்றது. உள்ளே தறியும் நின்றது. கதவு திறந்தது. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லிகா எட்டிப் பார்த்தாள். அம்மனைப் பார்த்தாள், தூக்கியவர்களைப் பார்த்தாள்.

"இருங்க, குளிச்சிட்டு வரேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

தெருவே நின்றது. தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் அவசரப்படவில்லை.

"எவ்ளோ நேரம்டா தோள் மாத்துவீங்க?" என்றார் தலைவர். முகமெல்லாம் வேர்வை.

"ரெண்டு தோளு இருக்குதே தலைவரே."

மல்லிகா புடவை கட்டி, ஈரத் தலையோடு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டில் தேங்காய் இல்லை. வாங்கிவைக்கவில்லை, எதற்கு வாங்குவாள்? எதிர்வீட்டுக்காரி இறங்கி வந்து தன் வீட்டுத் தேங்காயைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். முன்பு சாமி நிற்காமல் போன அன்று பார்க்காமல் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

மல்லிகா கற்பூரத்தை ஏற்றவில்லை. தட்டோடு அப்படியே நின்றாள். தலைவர் அவளுக்கும் அம்மனுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சாமி தெரியல."

அவர் சுற்றிலும் பார்த்தார். தூக்குபவர்கள் எல்லோரும் கம்புகளைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தள்ளி நின்றார்.